வெடிக்கிணற்றுப் படத்தில் யார் யார்?

ம, லை, ச், சா, மி.

ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சுக் கூட்டினேன். கூட்டி முடிச்சதும், தப்பாக் கூட்டிட்டேனோன்னு மறுபடி முதல் எழுத்துக்கே போனேன். மறுபடியும் மலைச்சாமிதான் வந்தார்.

நகராட்சி வாசகசாலையை ஒட்டின அறை அது. புதுசா அடிச்ச வெள்ளை இன்னும் காயலை. சாய்ஞ்ச இடமெல்லாம் சேலையில் சுண்ணாம்பு ஒட்டிச்சு. வெளியே பூங்கா ரேடியோவில் நாதசுரம் ஓடிக்கிட்டிருந்தது. உள்ளே, சுவரில், என் வீட்டு ஆணியிலிருந்து கழட்டிக் குடுத்த போட்டோ. அதுக்குக் கீழே ஒரு அட்டை.

"என்னடி போட்டிருக்கு? சத்தமாப் படி"ன்னா மூக்கம்மா. என் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச கொஞ்ச எழுத்தில் என்னைவிட அவளுக்குத்தான் பெருமை.

"தெருக் கிணற்றில் தண்ணீர் கண்டவர் மலைச்சாமி"ன்னு படிச்சேன்.

"எந்த மலைச்சாமி?"

"நம்ம தெருவுல எத்தனை மலைச்சாமி இருக்காக?"

"மேஸ்திரியா?" அவ போட்ட சத்தத்தில் பேப்பர் படிச்சவுகளெல்லாம் தலையைத் தூக்கினாக. "பாறையைக் கண்டதும் கடப்பாரையைப் போட்டுட்டு ஓடுனவரா தண்ணி கண்டாரு? அடியே அங்கம்மா, தண்ணி கண்டது உன் புருசன்டி!"

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் எட்டிப் பார்த்தார். "சத்தம் போடாதீக ஆத்தா. அட்டையில இருக்கிற பேரைத்தான் கல்லுலயும் வெட்டுறாக. வர்ற வெள்ளிக்கிழமை உங்க கிணத்தடியில கல்லு நடப்போறாகளாம், தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொல்லலை.

அட்டையில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அதை அன்னைக்கு நான் படிக்கலை. கண்ணுக்குள்ள மிளகாயைத் தேச்ச மாதிரி எரிஞ்சது.

பழைய சாமான் எடுக்கிறாகளாம்

இந்த அறை எப்படி வந்ததுன்னு சொல்லிடுறேன்.

ஊரில் படிச்சவுக சில பேர் சேர்ந்து ஊர் நினைவு மன்றம்னு ஒண்ணு வச்சிருந்தாக. மலைக்கோட்டைப் படம், கோயில் கல்லெழுத்தை மையொத்தி எடுத்த காகிதம், ராசா காலத்துப் பட்டயம், இதெல்லாம் அவுககிட்ட இருந்தது. வைக்க இடம் இல்லை. நகராட்சிக்கிட்டப் பேசினாக. மன்றம் ஆளைத் தரும், நகராட்சி அறையும் பீரோவும் தரும், ரெண்டு பேரும் சேர்ந்து ஊர்க்கதையைச் சேர்த்து வைப்போம்னு முடிவாச்சு. ராசா சாமான் மட்டும் போதாது, சனங்க வீட்டில் இருக்கிறதையும் வாங்குவோம்னு தண்டோரா போட்டாக.

நல்ல காரியம்தான். அதை நான் குறை சொல்லலை.

ஆனா தண்டோராக்காரர் "பழைய போட்டோ, பழைய ஓலை, பழைய சாமான் எதுவானாலும் கொண்டாரலாம்"னு சொல்லிட்டுப் போனார். எங்க தெருப் பொம்பளைக காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது. எவர்சில்வர் ஊருக்குள்ள புதுசா வந்திருந்த காலம். எதிர்வீட்டுப் பேச்சியம்மா அடி ஒழுகுற பித்தளைக் குடத்தைத் தூக்கிட்டுப் போய் முதல் ஆளா நின்னுட்டா.

"இதுக்கு எவர்சில்வர் குடம் தருவீகளா, தூக்குவாளிதானா?"

அங்கே இருந்தவர் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கார். "இது எந்தக் காலத்துக் குடம்மா?"

"என் கல்யாணத்துக் குடம்."

"அதில்லம்மா, இதுல சரித்திரம் ஏதாவது..."

"இந்த நெளிசல் எங்க மாமியா என் தலையில இடிச்சது. அது சரித்திரம் இல்லையா?"

குடத்தைத் திருப்பிக் குடுத்துட்டாக. பேச்சியம்மா ரொம்ப நாளைக்கு அந்த மன்றத்தை 'வாங்காத பாத்திரக்கடை'ன்னுதான் சொல்லுவா.

நான் குடுத்தது போட்டோ. அதை வீட்டுக்கே வந்து வாங்கிக்கிட்டாக.

பாறை விழுந்த கிணறு

எங்க தெரு மலையடிவாரத்தில். மலையைப் பார்த்தா குளிர்ச்சி, காலுக்குக் கீழே பூராவும் கல். மழை பொய்த்த வருசங்களில் குடத்தை இடுப்பில் வச்சுக்கிட்டு ஊரைச் சுத்துறதே எங்களுக்குப் பொழப்பு. ஐம்பதுகளில் ஒரு கோடையில், தெருவே கூடி ஒரு கிணறு வெட்டணும்னு மலைச்சாமி மேஸ்திரியை அமர்த்தினாக.

எங்க வீட்டுக்காரருக்குத் தொழிலே கிணறு வெட்டுறது. செம்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமா இறங்கியிருக்காக. நான் பிறந்ததும் அந்தப் பக்கம்தான். எங்க அப்பா கிணத்தில் இறங்கி வேலை பார்த்தவுக, மேலே ஏறி வந்து என்னைப் பொண்ணு கேட்டாக. அது தனிக்கதை, இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிட்டேன்.

கிணத்தில் பாதி ஆழத்தில் பாறை விழுந்தது, கடப்பாரை இறங்கலை. மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இது மலையோட ஒட்டுன பாறை. பாதாளத்துக்குப் போனாலும் சொட்டு வராது"ன்னார். மறுநாள் அவர் வரலை. அதுக்கு மறுநாள் அவர் ஆட்களும் வரலை. தெரு ஆம்பளைக தோல் பதனிடுற ஷாப்புக்கும் சுருட்டுக் கம்பெனிக்கும் வேலைக்குத் திரும்பிட்டாக.

எங்க வீட்டுக்காரர் மட்டும் இறங்கினாக. ஏதோ கண்டுபிடிச்சு இறங்கினாகன்னு நினைக்காதீங்க. வெறும் பிடிவாதம். "வெட்டுன குழியை அப்பிடியே விட்டுட்டு எப்பிடி அங்கம்மா அந்தப் பக்கம் நடக்கிறது?"ன்னாக. எனக்கும் நம்பிக்கை கிடையாது.

கீழே ஆள் இறங்கினா மேலே கயிறு இழுக்க ஆள் வேணும். நாங்க நின்னோம். நான், மூக்கம்மா, பேச்சியம்மா, செல்லத்தாயி, கடைசி வீட்டு ராக்காயி. கூடை கூடையாக் கல்லை இழுத்து, சும்மாடு வச்சுத் தூக்கிட்டுப் போய் மலையோரம் கொட்டினோம். உள்ளங்கைத் தோல் உரிஞ்சு, சோத்தைப் பிசைய முடியாம கரண்டியால தின்னோம். வெடி வைக்கிற அன்னைக்குக் கோழி, ஆடு, பிள்ளைக எல்லாத்தையும் தெருமுனைக்கு ஓட்டிட்டுக் காதைப் பொத்திக்கிட்டு நிப்போம்.

ஒருநாள் உச்சிப்பொழுது. கூடையை இழுத்தா கனமே இல்லை. உள்ளே கல் இல்லை. அவுக தலைத்துண்டு சுருட்டி வச்சிருந்தது. ஈரமா இருந்தது.

ராக்காயிதான் எடுத்துப் பிழிஞ்சா. விரலிடுக்கில் சேத்துத் தண்ணி ஒழுகிச்சு. அதையே நாக்கில் வச்சா. "வெடிமருந்து கசக்குதுடி"ன்னு சொன்னவ, அப்படியே உட்கார்ந்து அழுதா. ரொம்ப நாள் அந்தத் தண்ணியில் அந்தக் கசப்பு இருந்தது. அதனால்தான் வெடிக்கிணறுன்னு பேர்.

தண்ணி ஊறின சேதி கேட்டு மேஸ்திரி வந்தார். பட்டுத் துண்டு போட்டு, ஸ்டூடியோக்காரரையும் கூட்டிட்டு வந்தார். முக்காலியில் பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்ட ஸ்டூடியோக்காரர், "பொம்பளைக ஓரமாப் போங்க, கிணறு மறைக்குது"ன்னார். போனோம். மேஸ்திரி நடுவில் நின்னார். அவுக முழங்கால் வரைக்கும் சேறோட கிணத்து விளிம்பில், துண்டைப் பிழிஞ்சபடி. நாங்க ஓரத்தில், கூடையோட. கடைசி நேரத்தில் ராக்காயி தலையைத் திருப்பிட்டா. அவ முகம் மட்டும் புகையா விழுந்திருச்சு.

மறுவருசம் பிரசவத்தில் அவ போயிட்டா. அவளுக்கு வேற போட்டோ கிடையாது.

சில வருசம் கழிச்சு காய்ச்சலில் அவுகளும் போயிட்டாக. அவுகளுக்கும் வேற போட்டோ கிடையாது.

பஞ்சாமிர்த ஊர்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு அம்மா ஆசிரியருக்கு எழுதியிருக்காக: 'இத்தனை வாரமா அவுக, எங்க வீட்டுக்காரர்னே எழுதுறாங்களே, அந்த மனுசனுக்குப் பேரே கிடையாதா?'

இருக்கு தாயி. ஆனா எங்க பக்கத்தில் புருசன் பேரை வாயால சொல்ல மாட்டோம். அதே பேரில் ஊர் இருந்தா ஊரையும் சொல்ல மாட்டோம்.

பஸ்ஸில் நான் பட்ட பாடு இருக்கே! ஒருதடவை செம்பட்டியில் ஏறினேன். கண்டக்டர் தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர்.

"எங்கீங்கம்மா போகோணும்?"

"ஒட்டன்சத்திரம் தாண்டி."

"தாண்டின்னா எந்த ஊருங்க?"

"பஞ்சாமிர்த ஊரு."

பஸ்ஸே சிரிச்சது. கண்டக்டரும் சிரிச்சுட்டு, "பழனின்னு சொன்னா பஸ்ஸு நின்னு போயிருமுங்களா?"ன்னு சீட்டைக் கிழிச்சார். அவர் சொன்னார், நான் சொல்லலை.

எனக்கு எழுத்து வந்ததும் பஸ்ஸாலதான். பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ்ஸு முகத்தில் எழுதியிருக்கிற பேரைப் பார்த்து, ஏறுறவுககிட்ட என்ன ஊருன்னு கேட்டு, ரெண்டையும் பொருத்திப் பொருத்திப் பழகிக்கிட்டேன். நான் முதல்ல படிச்ச சொல், நான் வாயால சொல்லக் கூடாத சொல். அந்த ழ-வைச் சுழிக்கிறதுக்கு அடுப்புக் கரியால எத்தனை நாள் பழகியிருப்பேன்! எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே.

எட்டிப் பார்த்தான், எழுதிக்கிட்டான்

போட்டோ வாங்க வந்தது சுந்தரம்னு மன்றத்துத் தம்பி. கண்ணாடி போட்டு, இஸ்திரிச் சட்டை மடிப்புக் கலையாம வந்தது. அறுபதுகள் பிறந்த புதுசு. மோர் குடுத்தேன். மரியாதையாத்தான் பேசிச்சு.

"இதுல கிணறு வெட்டுனவர் யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர் பேரு?"

"மலை மேல நிக்கிற சாமி பேருதான் தம்பி."

அந்தத் தம்பி வாசல் வழியா எட்டிப் பார்த்துச்சு. எதிரே நம்ம மலைக்கோட்டைப் பாறை நின்னது. தலையை ஆட்டிக்கிட்டே என்னமோ எழுதிக்கிட்டது. புரிஞ்சுக்கிட்டதுன்னு நினைச்சேன். இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, அதுக்கும் ஒரு அம்மா இருப்பா, அந்த அம்மாவும் அப்பா பேரைச் சொல்லியிருக்க மாட்டா. புரியாமலா போகும்?

அப்புறம் போட்டோ வாங்கினதுக்கு ரசீதுன்னு ஒரு காகிதத்தை நீட்டுச்சு. நான் கையெழுத்துக்குப் பேனா கேக்க வாயெடுக்கிறதுக்குள்ள, மை டப்பாவைத் திறந்து என் கட்டைவிரலைப் பிடிச்சு அமுக்கிடுச்சு. எழுதத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேக்கலை. ஒரு பேனாவை நீட்டியிருந்தா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும்.

அந்த மை மூணு நாள் புளி போட்டுத் தேச்சும் போகலை.

மறுபடி அந்த அறை

அட்டையைப் பார்த்துட்டு வந்த மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். மூக்கம்மா, பேச்சியம்மா, செல்லத்தாயி, நான். உலை வைக்கலை.

அறையில் சுந்தரமும் மன்றத் தலைவரும் இருந்தாக. தலைவர் வயசானவர், தோளில் அங்கவஸ்திரம்.

"தம்பி, இந்தப் பேர் தப்பு"ன்னேன்.

"நீங்க சொன்ன பேர்தானேம்மா?"

"நான் எங்கப்பா பேர் சொன்னேன்? மலை மேல நிக்கிற சாமி பேருன்னேன்."

"அதான், மலைச்சாமி."

மூக்கம்மா இடுப்பில் கை வச்சுட்டா. "ஏலே, நீ எந்த மலையப் பார்த்த? இந்த மலையவா? இங்கன கோயில் இருக்கு, உள்ள சாமி இருக்கா? ஊருக்கே தெரிஞ்சது உனக்குத் தெரியாதா? சாமி இல்லாத மலையப் பார்த்துச் சாமி பேர் எழுதியிருக்க! கோமணம் கட்டி, கையில தண்டோட நிக்கிறாரே, அவர் எந்த மலையில நிக்கிறாரு?"

சுந்தரத்துக்கு முகம் செத்துப் போச்சு. தலைவர்தான் பேசினார். "மேஸ்திரியும் வந்து பார்த்தாரே. தப்புன்னு சொல்லலையே?"

"எப்பிடிச் சொல்லுவாரு? மீசையத் தடவிட்டுப் போயிருப்பாரு"ன்னா செல்லத்தாயி.

"இதுல எங்க தப்பு ஒண்ணும் இல்லை. பேரைச் சொல்லாம விடுகதை போட்டது இந்தம்மா. படிப்பு இல்லாததால வர்ற வினை. சரி, இப்பவாவது சொல்லுங்க. போனவருக்கு இனிமேலா ஆயுசு குறையப் போகுது?"ன்னார் தலைவர்.

அந்தப் பேச்சு இன்னைக்கும் காதில் நிக்குது. ஆயுசுக்குப் பயந்தா நான் சொல்லலை? அவுக இருந்த வரைக்கும் கட்டிக் காத்த மரியாதை, அவுக போனதும் காலாவதி ஆயிருமா? இதை அவருக்கு எப்படி விளக்க? விளக்கலை.

"பேனாவைக் குடுங்க"ன்னேன்.

தலைவர் மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"பேனா கேட்டேன்."

சுந்தரம் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் குடுத்துச்சு. மேசையில் கிடந்த காகிதத்தில் குனிஞ்சு எழுதினேன். என் எழுத்து பெருசு, பஸ்ஸு போர்டு எழுத்துத்தானே. ப. ழ, வாலைச் சுழிச்சு. னி. ச். சா. மி. நான் சொல்லலை, எழுதினேன்.

தலைவர் சன்னல் பக்கம் போயிட்டார். சுந்தரம் புது அட்டை எடுத்துச்சு. என்னமோ எழுதி, மை காய ஊதி, பழசைக் கழட்டிட்டு மாட்டுச்சு. "சரியாயிருச்சும்மா."

"முழுசாப் படி தம்பி. இவளுகளும் கேக்கட்டும்."

"தெருக் கிணற்றில் தண்ணீர் கண்டவர் பழனிச்சாமி. மற்றும் பெண்கள்."

முதல் நாள் நான் படிக்காம விட்ட பொடி எழுத்து அதுதான். வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். நான் வந்த காரியம் முடிஞ்சிருச்சு. ஆனா எனக்குப் பக்கத்தில் மூணு பேர், உரிஞ்ச கையோட கயிறு இழுத்தவளுக, உலை வைக்காம எனக்காக வந்து நிக்கிறாளுக.

"அந்த மற்றும்கிறது யாரு?"ன்னேன்.

"அது... கூட இருக்கிற பெண்கள்."

"எங்க தெருவுல மற்றும்னு ஒருத்தி இல்லையே."

பேச்சியம்மா சிரிச்சுட்டா. எனக்குச் சிரிப்பு வரலை.

"என் புருசன் பேரைச் சொல்ல எனக்குத்தான் தடை. எங்க பேரைச் சொல்ல யாருக்குத் தடை? நான் என் வாயால சொல்லியிருப்பேனே. என் வீட்டுல உக்காந்து என் மோரைக் குடிச்சியே, உன் பேரு என்னன்னு என்னைக் கேட்டியா?"

"அட்டை சின்னதும்மா, இடம் பத்தாது..."

"அட்டை சின்னதுன்னா பெருசா வெட்டு."

வெட்டுச்சு. பாவம், கத்தரிக்கோல் மொண்ணை, ஓரமெல்லாம் பிசிறா வந்தது. நான் படத்தில் விரலை வச்சு ஒவ்வொருத்தியாச் சொன்னேன். வாசகசாலை வரைக்கும் கேக்கட்டும்னு சத்தமாச் சொன்னேன். மூக்கம்மா தன் பேர் வந்ததும் என்னமோ சாமி வந்தவ மாதிரி விறைச்சு நின்னா.

கடைசியில் சுந்தரம் கேட்டுச்சு, "இந்த முகம் தெரியலையேம்மா?"

"முகம் தெரியலைன்னாலும் பேர் உண்டு. எழுது."

வெள்ளிக்கிழமை கல் நடலை. மேஸ்திரி பேர் இல்லைன்னதும் கல் நட முன்னால நின்னவுகளுக்கு ஆர்வம் போயிருச்சு. அதுக்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் நடலை. அவுக பேரில் ஒரு கல் நட ஊருக்கு மனசு வரலைங்கிற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறலை. ஆனா அட்டை ரொம்ப வருசம் அந்தச் சுவரில் இருந்தது.

போட்டோ இப்ப திரும்பி என் வீட்டுக்கே வந்திருச்சு. இந்த வாரம் போடணும்னு ஆசிரியர் தம்பி கேட்டார், அனுப்பியிருக்கேன். என் எழுத்துப் பிழையெல்லாம் அவர் திருத்திக்கிடலாம். படத்துக்குக் கீழே போடுறதை மட்டும் நான் எழுதினபடியே போடணும்னு சொல்லியிருக்கேன்:

கிணத்து விளிம்பில் துண்டு பிழியிறவுக பழனிச்சாமி. நடுவில் பட்டுத் துண்டோட, போட்டோ எடுக்கிறப்ப வந்த மேஸ்திரி மலைச்சாமி. ஓரத்தில் கூடையோட அங்கம்மா, மூக்கம்மா, பேச்சியம்மா, செல்லத்தாயி. முகம் திரும்பியிருக்கிறது ராக்காயி. அந்தத் தண்ணியை முதல்ல குடிச்சவ.